முடிப்பு வருவதற்கு முன்னால்

அலெப்போவில் நான் பல் டாக்டர். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஜனங்கள் என் நாற்காலியில் சாய்ந்துகொண்டு 'ஆ' என்பார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை முடிந்ததும் என் முறை வரும். யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் பாட்டு நடக்கும், முதல் வரிசையில் உட்கார்ந்து நான் 'ஆ' என்பேன். இந்த இரண்டில் எது தரமானது என்று கேட்டால் என்னுடையதுதான் என்று ஊரே சொல்லும் என நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் பாட்டுக்காரனைவிடக் கேட்கத் தெரிந்தவனுக்கு மவுசு அதிகம். கெய்ரோவில் கொடிகட்டிப் பறக்கிற பாடகன்கூட எங்கள் ஊருக்கு வரும்போது எச்சில் விழுங்கிக்கொண்டுதான் வருவான் என்று பெருமை பேசுவோம். காரணம், 'தரப்' என்று நாங்கள் சொல்லும் அந்தக் கிறக்கம் பாடகன் ஒருவனால் மட்டும் வருவதில்லை. அதைச் சந்தோஷம் என்றால் போதாது, துக்கம் என்றால் தப்பு. பாட்டு உள்ளே இறங்கி ஆளைக் கரைத்து, தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதையே மறக்கடிப்பது. பாடகன் ஒரு வரியை வளைத்து நெளித்து எங்கெங்கோ கொண்டுபோய்க் கடைசியில் சட்டென்று அடிச் சுரத்தில் இறக்குவான். அதற்கு முடிப்பு என்று பெயர். முடிப்பு விழுந்த அந்த நொடியில் கேட்பவன் 'அல்லாஹ்!' என்று ஒரு மூச்சு விடுவான். அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடகன் இன்னும் ஒரு படி ஏறுவான். ஒரு நொடி பிந்தினால் நீங்கள் மந்தம். ஒரு நொடி முந்தினாலோ, அதாவது முடிப்பு வருவதற்கு முன்னால் வாயைத் திறந்தாலோ, அடுத்த வெள்ளிக்கிழமை உங்களுக்கு அழைப்பு வராது.

நான் பிந்தியதும் இல்லை, முந்தியதும் இல்லை. அதற்கு ஒலிப்பதிவு அத்தாட்சி இருக்கிறது. என் மனைவி இல்ஹாமின் அண்ணன் வஜீஹ் எங்கள் ஊரில் பேர்பெற்ற பாடகர். அவர் ஒரு வீட்டில் பாடியதை யாரோ கேசட்டாக எடுத்து, அது கைமாறிக் கைமாறி டாக்ஸிகளில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இரண்டாவது வரியில் வஜீஹின் குரல் நாலு படி ஏறி உச்சியில் நின்று ஆடிவிட்டு இறங்கும். கூட்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தும். அந்தச் சத்தம் அடங்கும் நேரத்தில், தனியாக, நீளமாக, அழகாக ஒரு 'அல்லா...ஹ்' கேட்கும். அது நான். டாக்ஸியில் ஏறினால் டிரைவரிடம் அந்த இடம் வரும்வரை வேறு பேச்சுக் கொடுத்துவிட்டு, வந்ததும் "இது யார் தெரியுமா?" என்று கேட்பேன். ஒருமுறை ஒரு டிரைவர், "யாரோ வயித்துவலிக்காரன்" என்றான். நான் பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டேன்.

போன குளிர்காலத்தில் வஜீஹின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. பெய்ரூட்டில் அறுத்து எடுத்தார்கள். மூன்று மாதம் வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு. அவருக்கு மசாலா, ஸாத்தர் என்கிற மூலிகைப் பொடி எல்லாம் விற்கிற கடை ஒன்று உண்டு. அங்கே உட்கார்ந்துகொண்டு கையாலேயே வியாபாரம் செய்தார். அவர் மனைவி என் மனைவியிடம், கல்யாணம் ஆனதிலிருந்து இப்படி நிம்மதியாக இருந்ததே இல்லை என்று சிரித்துவிட்டு, அடுத்த நிமிடம் முக்காட்டு நுனியில் மூக்கைச் சிந்தினாளாம்.

பேச்சு திரும்பிய பிறகு ஒருநாள் என் கிளினிக்குக்கு வந்தார். குரல் கொஞ்சம் தடித்திருந்தது, ஓரத்தில் ஒரு கரகரப்பு. நாற்காலியில் உட்காரச் சொன்னேன்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. உங்கிட்ட வேற சோலி" என்றார். "குவைத்துல என் சித்தப்பா மகன் கூப்பிடறான். கிடங்கு மேனேஜர் வேலை. சனிக்கிழமை பதில் சொல்லணும்."

"கிடங்கா? உங்களுக்கு எதுக்கு மச்சான் கிடங்கு?"

"பாடாத வஜீஹுக்கு அலெப்போல என்ன வேலை? கடைக்கு வர்றவன் ஒவ்வொருத்தனும், 'ஐயோ பாவம், என்ன குரல்'னு சொல்லிட்டுப் புதினா வாங்கிட்டுப் போறான். அதுக்குக் குவைத்துப் புழுதியே மேல்."

அவர் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"வர்ற வெள்ளிக்கிழமை உன் வீட்டு முற்றத்துல பாடறேன். கேக்கத் தெரிஞ்சவங்களா ரெண்டு மூணு பேரு போதும். கானூன் வாசிக்க ஃபாயிஸ் வருவான். என் காதை நான் நம்ப முடியாது, அது எனக்குச் சொந்தக்காரன், எம்பக்கந்தான் பேசும். உங்க மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். உங்களுக்குக் கிறக்கம் வந்துச்சுன்னா நான் பாடகன். வரலைன்னா சனிக்கிழமை குவைத்துக்குப் போன் பண்ணிடறேன். ஒண்ணே ஒண்ணு. எனக்காகப் பொய்யா ஒரு 'ஆ' கூடச் சொல்லக் கூடாது. சொல்ல மாட்டியே?"

"நானா? என்ன மச்சான் இப்படிக் கேக்கறீங்க!"

அவர் போனதும் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அது வேலை செய்கிற நாளெல்லாம் யாருக்காவது கேடு. நான் யோசித்தது இதுதான்: நோயில் விழுந்து எழுந்த குரல். முதல் வரியிலேயே நல்ல வரவேற்பு கிடைத்தால் தைரியம் வரும், தைரியம் வந்தால் குரல் தானாக வரும். ஆக, சரியான இடங்களில் சரியான மூச்சுகள் விழ வேண்டும். அதைத் தற்செயலுக்கு விட்டுவிட முடியுமா?

புதன்கிழமை சாயங்காலம் இரண்டு பேரைக் கிளினிக்குக்கு வரவழைத்தேன். ஒருவர் சோப்பு வியாபாரி ஹாஜி நஜீப். நாற்பது வருடமாகப் பாட்டுக் கேட்பவர், ஆனால் இப்போது இடது காது கேட்காது, வலது காது நினைத்தால் கேட்கும். இன்னொருவர் தையல்காரர் எலியாஸ். பாட்டு பிடித்தால் 'என் கண்ணே!' என்று உருகுவார். அந்த உருக்கத்துக்காகவே அவரைத் தேவாலயத்திலும் முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். உட்கார இடமில்லாததால் ஹாஜியைப் பல் பிடுங்கும் நாற்காலியில் சாய்த்துவைத்தேன். மேசைமேல் டேப்ரிகார்டரில் அந்தக் கேசட்.

"இதையேதான் வெள்ளிக்கிழமை பாடுவாரு. இதோ இந்த இடம் வந்ததும் ஹாஜி 'யா ஸலாம்!' சொல்றீங்க. அடுத்தது எலியாஸ் 'என் கண்ணே!' அப்புறம் சத்தம் அடங்கினதும் நான்."

"நீங்க எப்பவும் கடைசியா, டாக்டர்?" என்றார் எலியாஸ்.

"கேசட்டுல அப்படித்தானே இருக்கு."

"எனக்கு எப்படித் தெரியும் எந்த இடம்னு?" என்று நாற்காலியிலிருந்து ஹாஜி கத்தினார்.

"எலியாஸ் உங்க முழங்கால்ல தட்டுவாரு."

எலியாஸ் சீப்பு மாட்டியிருந்த சட்டைப் பையைத் தடவிக்கொண்டே யோசித்தார். "பாட்டு நல்லா இல்லாட்டி?"

"அப்பத்தான்யா நாம வேணும்! நல்லா இருந்தா எவன் வேணாலும் சொல்லுவான்."

அவருக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் அவர் மகளின் கடைவாய்ப் பல்லைக் காசு வாங்காமல் பார்க்க நான் ஒப்புக்கொண்டிருந்தேன், அதனால் தலையாட்டிவிட்டார். மூன்று பேருமாகக் கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி ஒத்திகை பார்த்தோம். வெளியே காத்திருந்த நோயாளி ஒருவர், உள்ளே மூன்று பேர் முனகுவதைக் கேட்டுவிட்டு, வலி போய்விட்டதாகச் சொல்லி வீட்டுக்குப் போய்விட்டாராம். கம்பவுண்டர் அப்புறம் சொன்னான்.

வெள்ளிக்கிழமை வந்தது. முற்றத்து நாரத்தை மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து மெத்தைகள் போட்டோம். நீரூற்றின் சத்தம் சுருதியைக் கெடுக்கும் என்று நானே குழாயை மூடினேன். வஜீஹ் வெள்ளைச் சட்டையில், தாடி மழித்து, மாப்பிள்ளை மாதிரி வந்தார். ஃபாயிஸ் கானூனை மடியில் வைத்து, எழுபது சொச்சம் தந்திகளையும் ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே சுருதி சேர்த்தார். பெண்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தார்கள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. செர்ரி கெபாப்பின் வாசனை அந்த இடுக்கு வழியே வந்தது.

முதல் வரி நன்றாகவே போனது. போனதா என்று கேட்டால் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. என் கவனமெல்லாம் எலியாஸின் கைமேல் இருந்தது. முடிப்பு விழுந்தது, கை ஹாஜியின் முழங்காலில் விழுந்தது, "யா ஸலாம்!" விழுந்தது. என் முறையையும் நான் கச்சிதமாகச் செய்தேன். வஜீஹ் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். அவருக்குத் தெம்பு வருகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது வரி. கேசட்டில் நாலு படி ஏறுகிற இடம். வஜீஹ் கண்ணை மூடினார், மார்பை விரித்தார், முதல் படியில் காலை வைத்தார். குரல் வழுக்கியது. சட்டென்று நிறுத்திவிட்டு, எச்சில் விழுங்கி, மூச்சு இழுத்தார். பாட்டில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் எலியாஸின் கை, புதன்கிழமை பழகிய அதே நேரத்தில், தன்பாட்டுக்கு ஹாஜியின் முழங்காலில் தட்டியது.

"யா ஸலாம்!" என்றார் ஹாஜி, வீடு அதிர.

"என் கண்ணே!" என்றார் எலியாஸ். அவர் முகத்தில் அதற்குள்ளேயே திகில் வந்துவிட்டது, ஆனால் வாய் நிற்கவில்லை.

பிறகு நான். என்ன சொல்ல! சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, தனியாக, நீளமாக, அழகாக, "அல்லா...ஹ்."

உலகத்தில் இதுவரை எச்சில் விழுங்கியதற்கு இவ்வளவு பாராட்டு வாங்கியவர் என் மச்சான் ஒருவர்தான்.

ஃபாயிஸின் விரல்கள் தந்தியிலேயே நின்றுவிட்டன. வஜீஹ் கண்ணைத் திறந்து எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "ஹாஜி, இப்ப என்ன கேட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஹாஜிக்குப் பொய் சொல்ல வராது. அதுவும் என் கணக்கில் விட்டுப்போயிருந்தது. "நானா? நான் ஒண்ணும் கேக்கலையே தம்பி. முழங்கால்ல தட்டினாரு."

வஜீஹுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "அந்தப் பழைய வஜீஹுக்குத் தானே இந்த 'அல்லாஹ்' எல்லாம்?" என்றார் என்னைப் பார்த்து. "அவன் போயிட்டான் மாப்பிள்ளை. நீங்க நல்லாத்தான் துக்கம் கேட்டீங்க." எழுந்து, நீரூற்றுத் தொட்டிப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தார். "சாப்பாடு போடச் சொல்லு. நாளைக்கு நான் போன் பண்ணணும்."

கதவிடுக்கில் ஒரு விரல் மட்டும் நீண்டு என்னைக் கூப்பிட்டது. போனேன். இல்ஹாமின் கண்கள் சிவந்திருந்தன.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"அவரு தைரியத்துக்காகத்தான்..."

"எங்கண்ணன் உங்ககிட்ட ஒரே ஒரு நெசம் கேட்டுச்சு. நீங்க அந்தப் பழைய கேசட்டையே போட்டுக் காட்டியிருக்கீங்க!"

"இல்ஹாம், நான் நல்லதுக்குத்தான்..."

"அது குவைத்துக்குப் போச்சுன்னா அங்கே யாரு இருக்கா அதுக்கு? செத்தாக்கூட எனக்குத் தந்திதான் வரும்." அவள் குரல் உடைந்தது. உடனே சமாளித்துக்கொண்டு கரண்டியை என் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள். "போய் உக்காருங்க. இன்னிக்கு இனிமே அந்த வாயத் தொறந்தீங்க, உங்க சாமானை வச்சே உங்க பல்லு அத்தனையும் பிடுங்கிடுவேன். மயக்க ஊசி கிடையாது."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். எலியாஸ் ஜமுக்காளத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஹாஜி மட்டும், ஏதோ தப்பு நடந்திருக்கிறது, தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்ற முகத்தோடு இருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. வஜீஹ் இல்லாத வெள்ளிக்கிழமை என்று ஒன்றை நான் அதுவரை நினைத்தே பார்த்ததில்லை. அந்த முதுகைப் பார்த்தபோது நினைத்தேன்.

"சாப்பாடு வர்ற வரைக்கும் நான் வாசிக்கிறேன்" என்றார் ஃபாயிஸ், யாரையும் பார்க்காமல். "இத்தனை தந்தியையும் சுருதி சேத்து வச்சிருக்கேன். சும்மா மூடி எடுத்துட்டுப் போக எனக்கென்ன பைத்தியமா?"

அவர் தாழ்ந்த இடத்தில், அவசரமில்லாமல், தனக்கே பேசிக்கொள்கிற மாதிரி வாசித்தார். யாரும் மூச்சு விடவில்லை. நான் விடக் கூடாது என்பது மனைவியின் உத்தரவு. மற்ற இருவரும் வெட்கத்தில் விடவில்லை. தந்திச் சத்தத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒரு சத்தம் கேட்டது. முதலில் பக்கத்து வீட்டு மோட்டார் என்று நினைத்தேன். வஜீஹ்தான். முதுகைத் திருப்பாமலே, தொட்டித் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டு, 'யா லைல்' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இரவே, இரவே என்பதைத் தவிர அதில் வார்த்தையே கிடையாது. எங்கள் ஊரில் பிறந்த எவனும் அதை முணுமுணுக்காமல் முகம் கழுவ மாட்டான்.

ஃபாயிஸ் கெட்டிக்காரர். பாடகர் பாடுவதைத் தான் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாமல் அவர் பின்னாலேயே போனார்.

வஜீஹ் ஏறவில்லை. ஏற முயலவுமில்லை. எங்கள் இசையில் இரண்டு சுரங்களுக்கு நடுவே, பாதி வழியில், ஒரு சுரம் உட்கார்ந்திருக்கும். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே. அவர் அதில் போய் நின்றார். பழைய வஜீஹ் அதில் ஒரு கால் வைத்துத் தாண்டிப் பறந்திருப்பார். இவர் நின்றார். அந்தக் கரகரப்போடு அதையே மறுபடி தொட்டார். சாவியைத் தொலைத்துவிட்டுத் தன் வீட்டு வாசலிலேயே நின்று கதவைத் தட்டுகிற ஆள் மாதிரி, ஒருமுறை, இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாக இன்னொரு முறை. கதவு திறக்கவில்லை. அவரும் போகவில்லை.

எனக்கு என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. இந்த மனுஷன் மூன்று மாதம் வாய் திறக்காமல் புதினா பொட்டலம் கட்டியதும், கேட்டவர்களிடமெல்லாம் தலையை மட்டும் ஆட்டியதும், அத்தனையும் அந்த ஒற்றைச் சுரத்தில் இருந்தது. அதோடு தாங்க முடியாத ஒரு சந்தோஷமும் இருந்தது, அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. வரி முடியவில்லை. முடிப்பு இன்னும் வெகுதூரத்தில் இருந்தது. அவர் அப்போதுதான் அதை நோக்கி மெல்லத் திரும்ப ஆரம்பித்திருந்தார்.

"அட நாசமாப் போறவனே! உன் வீடு இடிஞ்சு விழ! எங்களைக் கொல்லவா பாக்கறே!"

முற்றத்துப் புறாக்கள் பறந்துவிட்டன. யார் இப்படிக் காட்டுமிராண்டித்தனமாகக் கத்தியது என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து சுற்றிப் பார்த்தேன். கரகரத்த, கட்டைத்தொண்டைக் குரல். சந்தையில் கழுதை ஓட்டுகிறவன்கூட அப்படிக் கத்த மாட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் என் கையில் என் தொப்பி இருப்பதும், அதை நான் இரண்டாக முறுக்கியிருப்பதும் தெரிந்தது. நான் எழுந்து வேறு நின்றுகொண்டிருந்தேன்.

எலியாஸ் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். ஃபாயிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். பாட்டு நடுவழியில் அறுந்து கிடந்தது. ஊரில் எத்தனை பேரை இதே குற்றத்துக்காக நான் வருஷக்கணக்கில் கேலி செய்திருக்கிறேன்!

"முடிப்பு வரலையே!" என்றார் ஹாஜி, மனசு ஆறாமல். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அது மட்டும் அவருக்குக் கேட்டிருந்தது.

வஜீஹ் தொட்டி விளிம்பிலிருந்து மெதுவாகத் திரும்பினார். முகமெல்லாம் ஈரம், தண்ணீரா என்னவென்று தெரியவில்லை. "யாரு அது?" என்று கேட்டார்.

ஹாஜி என் பக்கம் விரலை நீட்டினார்.

"நீயா?"

அவர் நம்பவில்லை. எங்கள் கல்யாணத்திலிருந்து என் குரலைக் கேட்டுவருகிறவர் அவர். முன்வரிசையில், கைக்கெட்டும் தூரத்தில். "நீயா மாப்பிள்ளை? இன்னொரு தடவை சொல்லு."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முயன்றுபார்த்தேன். "நாசமாப் போக..." என்று வந்தது. தனியாக, நீளமாக, அழகாக வந்தது. கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தட்டைக் கீழே போட்டார்கள். எலியாஸ் ஜமுக்காளத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

வஜீஹ் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் எதிரே நின்றார். "இது சரியா வரல" என்றார். "முதல்ல சொன்னது வேற. அது உள்ள இருந்து வந்துச்சு." பிறகு சந்தேகத்தோடு என் கண்ணைப் பார்த்தார். "அப்போ இத்தனை வருஷமா என் முன்னாடி உக்காந்து 'அல்லாஹ், அல்லாஹ்'ன்னியே, அதெல்லாம் என்னடா?"

நான் யோசித்தேன். எனக்கே அந்தக் கேள்விக்குப் பதில் அப்போதுதான் தெரிந்தது.

"மரியாதை, மச்சான்" என்றேன்.

அவர் அப்போதுதான் சிரித்தார். அறுத்த தொண்டை வலிக்க வலிக்க, என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது, அதை மறைக்க வேறு வழியில்லை. பிறகு அவர் ஜமுக்காளத்தில் தன் பழைய இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஃபாயிஸைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இனிமே எனக்கு மரியாதையே குடுக்காத" என்றார் என்னிடம். நான் அறுத்துப் போட்ட இடத்திலிருந்தே வரியை எடுத்து, முடிப்பை நோக்கிப் பாட ஆரம்பித்தார்.